நெஞ்சில் கருவி பொருத்தியவர் நடக்கலாமா?

(பொன்விழா ஆண்டு மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது என் தொழில். விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, மாரடைப்பு வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று பேசும்படிதான் கேட்டார்கள். அதைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எண்ணெயைக் குறையுங்கள், புகையை விடுங்கள் என்று நீங்களும் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். ஆகவே அவர்களுடைய அனுமதியோடு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கரோ, ஐ.சி.டி. என்னும் கருவியோ பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவர்களைப் பற்றியது அது. இப்படிப்பட்டவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் வீடு திரும்பிய பிறகு அவர்கள் எப்படி வாழ்வது என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

வீடுகளில் நடப்பது என்ன? ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்குகிறார். திண்ணையில் ஈஸிசேர் போடப்படுகிறது. மகன் வந்து, "அப்பா, நீங்க எதுக்கும் எழுந்திருக்காதீங்க" என்கிறான். மருமகள் தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறாள். மனைவியோ, அவர் வாசற்படி இறங்கினாலே, "ஏங்க, உள்ளே மிஷின் இருக்குங்க, மறந்துட்டீங்களா?" என்று பதறுகிறார். எல்லாம் அன்புதான். ஆனால் இந்த அன்பு ஆறு மாதம் நீடித்தால், நடந்து போய் ஆஸ்பத்திரியில் படுத்த மனிதர் கைத்தாங்கலாகத்தான் கழிப்பறைக்குப் போவார். நான் மிகைப்படுத்தவில்லை. கருவி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். கால்தான் வேலை செய்யாது.

முதலில் கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் மக்கள் எல்லாவற்றையும் 'பேட்டரி வைத்திருக்கிறார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் குழப்பம் வருகிறது. இதயம் மிக மெதுவாகத் துடிக்கும்போது அதைத் தூண்டி, வேண்டிய வேகத்தில் துடிக்கவைப்பது பேஸ்மேக்கர். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் அர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலாக முழுக் கருவியும் உடலுக்குள்ளேயே வைக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். கருவியைச் செய்த பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது! வேறொன்றை வைத்தார்கள். அவர் பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-ஆம் ஆண்டு வரை, தம் எண்பத்தாறாம் வயது வரை வாழ்ந்தார். அவருக்கு முதலில் வைத்தியம் பார்த்த மருத்துவரும் அந்தப் பொறியாளரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவருடைய முடிவுக்குக் காரணமும் இதயம் அல்ல, புற்றுநோய். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஆயுள் குறைவு என்று எண்ணுகிறவர்கள் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

ஐ.சி.டி. என்பது வேறு. அது காவற்காரன். சிலருக்கு, பெரும்பாலும் பெரிய மாரடைப்புக்குப் பின்னர் இதயத் தசை பலவீனப்பட்டவர்களுக்கு, இதயத்தின் கீழறைகள் திடீரென்று தறிகெட்டுத் துடிக்கத் தொடங்கலாம். அப்போது இரத்தம் மூளைக்குப் போகாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஐ.சி.டி. அந்தத் தாளக்கேட்டைத் தானே கண்டுபிடித்து, முதலில் மெல்லிய தூண்டுதல்களால் அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால் உள்ளிருந்தே ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும்.

இதைக் கண்டுபிடித்த கதை உருக்கமானது. மிஷெல் மிரோவ்ஸ்கி என்னும் மருத்துவர் போலந்து நாட்டு வார்சாவில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளுக்குத் தப்பிப் பிழைத்தவர். இஸ்ரேலில் பணியாற்றியபோது, அவருடைய குருவாகவும் மேலதிகாரியாகவும் இருந்த ஹாரி ஹெல்லர் என்பவர் இத்தகைய தாளக்கேட்டால் 1966-ஆம் ஆண்டு இறந்துபோனார். எந்நேரமும் ஒரு மருத்துவர் பக்கத்திலேயே நிற்க முடியாது என்றால், அந்த மருத்துவரின் வேலையைச் செய்யும் பெட்டியொன்றை நெஞ்சுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று அன்று அவர் நினைத்தார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குப் போய் மார்ட்டன் மோவர் என்னும் மருத்துவருடன் சேர்ந்து உழைத்தார். பெரியவர்கள் பலர் நகைத்தார்கள். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு பெண்மணிக்குப் பொருத்தப்பட்டது. அந்தக் காலத்தில் நெஞ்சைத் திறந்து, கால் கிலோ அளவுக்கு எடையுள்ள பெட்டியை வயிற்றுப் பகுதியில் வைக்க வேண்டியிருந்தது. இன்று கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியை வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவதாக, இதயத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுசேர்ந்து சுருங்குவதற்காக வைக்கப்படும் சி.ஆர்.டி. என்ற கருவியும் உண்டு. நாம் பேசப்போகும் விஷயத்தில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான்.

கருவி இதயத்தின் தாளத்தைக் காக்கும். உடம்புக்குத் தெம்பைக் கொடுக்காது. இதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன். தெம்பு தசையில் இருக்கிறது, மூச்சில் இருக்கிறது, நடையில் இருக்கிறது. அதைக் கடையில் வாங்க முடியாது. ஆஸ்பத்திரியில் பொருத்தவும் முடியாது. படிப்படியாக உழைத்துத்தான் திரும்பப் பெற வேண்டும். அந்த உழைப்பை, தெரிந்தவர் மேற்பார்வையில், அளவோடு செய்யவைப்பதுதான் இதய மறுவாழ்வுப் பயிற்சி.

ஓய்வுதான் மருந்து என்ற எண்ணம் நம் தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலோடு கட்டிலாகப் படுக்கவைத்து, முகச்சவரத்தைக்கூட நர்ஸ் செய்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. போஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவைன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் பெர்னார்ட் லவுனும் துணிந்து, நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 1952-ஆம் ஆண்டில் அதை எழுதி வெளியிட்டார்கள். வெறும் நாற்காலிதான்! அதற்கே அவர்களைக் கொலைகாரர்களைப் போலப் பார்த்தவர்கள் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சாகவில்லை. படுத்தே கிடந்தவர்களுக்குத்தான் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தது. இங்கே ஒரு வேடிக்கை. நோயாளியை எழுப்பி உட்காரவைத்த அதே லவுன்தான், பின்னாளில் மிரோவ்ஸ்கியின் ஐ.சி.டி. யோசனையை 1972-ஆம் ஆண்டில் மிகக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். பெரிய மனிதர்களுக்கும் எல்லா நாளும் ஒரே பார்வை இருப்பதில்லை.

ஆனால் ஐ.சி.டி. வைத்தவரின் பயத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வேகமாக நடந்தால் நாடி ஏறுகிறது. நாடி ஏறினால், 'தாளக்கேடு வந்துவிட்டது' என்று கருவி தவறாக எண்ணி அதிர்ச்சி கொடுத்துவிட்டால்? அந்த அதிர்ச்சியை ஒரு முறை அனுபவித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். நெஞ்சில் மாடு உதைத்தது போல் இருக்கும் என்பார்கள். எந்த இடத்தில் அதிர்ச்சி வந்ததோ அந்த இடத்துக்கே சிலர் போவதில்லை. படி ஏறும்போது வந்திருந்தால் மாடியை விட்டுவிடுகிறார்கள். குளிக்கும்போது வந்திருந்தால் குளியலறைக் கதவைத் தாழிடமாட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடைசியில் நாற்காலி மட்டுமே மிஞ்சுகிறது.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் மெய் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இதயத் தசை பலவீனப்பட்ட 2,331 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முறையான பயிற்சி அளித்து, மறுபிரிவினருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தார்கள். 2009-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐ.சி.டி. பொருத்தியவர்கள். அவர்களைத் தனியே எடுத்துக் கணக்குப் பார்த்ததில், சுமார் இரண்டு ஆண்டுக் காலத்தில் பயிற்சி செய்தவர்களுள் நூற்றுக்கு 20 பேருக்கு அதிர்ச்சி வந்திருந்தது. பயிற்சியில் சேராதவர்களுள் நூற்றுக்கு 22 பேருக்கு. அதாவது, முறையாக நடந்தவர்களுக்கு அதிர்ச்சி கூடுதலாக வரவில்லை. நடக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் தப்பவில்லை. நாற்காலி காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

சரி, பயிற்சி என்றால் என்ன செய்வார்கள்? நேரே ஓடவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். காயம் நன்றாக ஆறி, உங்கள் இதய நிபுணர் சம்மதித்த பிறகே தொடக்கம். முதலில் ஒரு சோதனை: ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இ.சி.ஜி. பார்க்கலாம், அல்லது ஒரு நீண்ட வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி எவ்வளவு தூரம் போனீர்கள் என்று அளக்கலாம். இரண்டாவதற்கு ஒரு கடிகாரமும் ஓர் அளவு நாடாவும் போதும்.

அடுத்து, பயிற்சி தருபவர் உங்கள் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் கவனியுங்கள். ஐ.சி.டி.யில், 'நாடி இத்தனைக்கு மேல் போனால் விழித்துக்கொள்' என்று ஓர் எண் குறித்து வைத்திருப்பார்கள். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். பயிற்சியின்போது நாடி அந்த எண்ணுக்குக் குறைந்தது பத்து, பெரும்பாலும் இருபது துடிப்பு கீழேயே நிற்க வேண்டும். உதாரணமாக, ஒருவருடைய எண் 180 என்றால், பயிற்சியில் 160-ஐத் தாண்டவிடமாட்டோம். நம் நோயாளிகளுள் பலர் நாடியைத் தணிக்கும் மாத்திரையும் சாப்பிடுவதால், அவ்வளவு உயரம் போவதே அபூர்வம். ஆகவே உங்கள் டாக்டரிடம், "ஐயா, என் கருவியின் எண் என்ன?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம். எழுதித் தராமல், "ரெஸ்ட் எடுங்க" என்ற இரண்டு சொல்லோடு அனுப்பிவைக்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே கேட்டால்தான் கிடைக்கும்.

பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வேறொரு நுட்பம் உண்டு. இன்றைய கருவிகள் பலவற்றில், உடம்பு அசைவதை உணர்ந்து துடிப்பை ஏற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கைவீசி நடக்கும்போது நெஞ்சு குலுங்குகிறது. கருவி 'ஆள் நடக்கிறார்' என்று புரிந்துகொள்கிறது. ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் பயிற்சி சைக்கிளை மிதிக்கும்போது கால்தான் வேலை செய்கிறது. நெஞ்சு அவ்வளவாக அசைவதில்லை. கருவி ஏமாந்துபோகிறது. துடிப்பு ஏறாமல் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது. 'எனக்கு இனித் தெம்பு வராது' என்று அவர் மனம் உடைகிறார். குறை அவரிடம் இல்லை. அவருக்கு நடைதான் ஏற்றது. அல்லது கருவியின் அமைப்பை வெளியிலிருந்தே, கத்தி படாமல், மாற்றிக் கொடுக்கலாம். நடக்கும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் சரியாகச் சொன்னால், கருவியைப் பரிசோதிப்பவருக்கு அது பெரிய உதவி.

பயிற்சி நாளில் முதல் ஐந்து பத்து நிமிடம் மெல்ல நடந்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். முடிவிலும் அப்படியே மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் இரத்தம் காலில் தங்கிவிடும், தலை சுற்றும். இடைப்பட்ட நேரம் முதல் வாரத்தில் பத்து நிமிடமாக இருக்கலாம். போகப் போக அரை மணி ஆகும். எவ்வளவு வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிகிறதென்றால் வேகம் போதாது. பேச்சு திக்குகிறதென்றால் வேகம் அதிகம். நாடித் தணிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடியை எண்ணுவதைவிட இந்தச் சோதனை நம்பகமானது. நெஞ்சு வலி, கிறுகிறுப்பு, வழக்கமில்லாத படபடப்பு எது வந்தாலும் நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். காய்ச்சல் நாளில் பயிற்சி வேண்டாம். திடீரென்று இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடி, கால் வீங்கினால் நடையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கையைப் பற்றித் தாய்மார்கள் அவசியம் கேட்பீர்கள். கருவி வைத்த பக்கத்துக் கையை முதல் நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. இதயத்துக்குள் போகும் கம்பி நன்றாகப் பதிவதற்குத்தான் இந்த விலக்கு. அந்த நாட்களில் அடிபம்பு அடிப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும், உயரக் கொடியில் துணி உலர்த்துவதும், பேரப்பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் வேண்டாம். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சிலர் கையைத் தொட்டில் கட்டியது போல மார்போடு ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தோள் இறுகிப் போயிருக்கிறது. தலை வாரிக்கொள்ளக்கூட முடிவதில்லை. அந்தக் கையைத் தோள் மட்டத்துக்குக் கீழே தினமும் மெல்ல ஆட்டுங்கள், முழங்கையை மடக்கி நீட்டுங்கள். ஆறு வாரம் ஆனதும், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கையை மேலே கொண்டுபோகத் தொடங்குங்கள். தையல் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வீட்டு மருந்து எதையும் தடவாதீர்கள்.

இத்தகைய பயிற்சி நிலையங்கள் பெரிய நகரங்களில்தானே இருக்கின்றன என்பீர்கள். உண்மைதான். வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போவது எல்லாராலும் ஆகாது. ஆனால் முதல் சோதனையையும் முதல் சில வகுப்புகளையும் மேற்பார்வையில் முடித்துவிட்டு, மீதியை வீட்டில் தொடரலாம். நான் சொன்ன அந்தப் பெரிய ஆராய்ச்சியிலும் 36 வகுப்புகளுக்குப் பின்னர் வீட்டிலேதான் தொடரச் செய்தார்கள். நம் கோயில் மைதானத்தை விடவா நல்ல இடம் வேண்டும்? காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில், துணைக்கு ஒருவரோடு சுற்றி வரலாம். துணைக்கு வருபவர் மனைவியாக இருந்தால் மிகவும் நல்லது. கணவர் நடப்பதைத் தம் கண்ணால் பார்த்த பின்னர்தான் அவருடைய பயம் போகும். டென்மார்க்கில் ஐ.சி.டி. நோயாளிகளுக்குப் பயிற்சியோடு நர்ஸ் ஒருவர் அமர்ந்து பேசும் வேளையையும் சேர்த்துச் சோதித்தார்கள். மூச்சுத் திறனோடு மனநிலையும் தேறியது. பேச்சும் வைத்தியம்தான்.

அதிர்ச்சி வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை வந்து, ஆள் நன்றாக இருந்தால், உட்காரவைத்து அன்றே டாக்டருக்குத் தெரிவித்தால் போதும். அடுத்தடுத்து வந்தாலோ, ஒரு முறை வந்தும் நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் அவரைத் தொட்டால் நமக்கு ஷாக் அடிக்கும் என்று விலகி நிற்க வேண்டாம்; தொடுபவருக்குச் சுருக்கென்று ஏதாவது தெரியலாம், தீங்கில்லை. அவர் நினைவிழந்து மூச்சில்லாமல் கிடந்தால், உள்ளே கருவி இருக்கிறதே என்று தயங்காமல் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைச் செய்யலாம்.

உங்களிடமிருந்து வந்த சீட்டுகள் சில மேசையில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துவிடுகிறேன்.

மிக்ஸி, கிரைண்டர், டி.வி. பற்றி ஒருவர் கேட்கிறார். பழுதில்லாமல், எர்த் சரியாக இருந்தால் எல்லாம் புழங்கலாம். இன்டக்ஷன் அடுப்புக்கு மட்டும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். செல்போனைச் சட்டைப்பையில், கருவிக்கு மேலேயே வைக்க வேண்டாம். மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்காதீர்கள், அதற்குள் பெரிய காந்தம் இருக்கிறது. ஒரு கை தூரம் விலகினால் பயமில்லை. வெல்டிங் வேலை செய்கிறவர் கருவி வைத்த டாக்டரைக் கேட்காமல் வேலைக்குத் திரும்பக்கூடாது.

பூசையில் முழந்தாளிட்டு எழும்போது தலை சுற்றுகிறது என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் கருவியின் வேலை அல்ல, இரத்த அழுத்த மாத்திரையின் வேலை. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சப்பரம் தூக்கலாமா? தோளில் பாரம் கருவிக்கு மேலேயே வந்து அழுத்தும். வேண்டாம், சப்பரத்தோடு நடந்து வாருங்கள்.

இது கடைசிச் சீட்டு. வேளாங்கண்ணிக்கு வருடாவருடம் பாதயாத்திரை போவாராம். சென்ற ஆண்டு ஐ.சி.டி. வைத்தார்களாம், வீட்டில் இனி அந்தப் பேச்சே கூடாது என்கிறார்களாம். ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த ஆண்டு போகலாம் என்று இங்கிருந்துகொண்டு நான் சொல்லமாட்டேன். ஒரு நாளும் போகக்கூடாது என்றும் சொல்லமாட்டேன். நாளைக் காலை பத்து நிமிடம் நடந்து தொடங்குங்கள். நடைச் சோதனைக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். சில மாதம் தவறாமல் பயிற்சி செய்து, ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்க முடிந்தால், உங்கள் டாக்டரிடம் போய், 'கடைசி ஒரு நாள் நடையாவது நடக்கலாமா?' என்று கேளுங்கள். ஆகஸ்ட் மாத வெயிலில் நீர்மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கருவியின் அடையாள அட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். அதன் நகல் ஒன்று உடன் வருபவரிடம் இருக்கட்டும். இப்போது உங்கள் மனைவியும் இந்த மண்டபத்தில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் இருவருமாக என்னை வந்து பாருங்கள். ஆறு நிமிட நடையை இந்த வராந்தாவிலேயே அளந்துவிடலாம்.